பின் ஆக்சில் மூடியை மாத்தலாமா? ஒரு டாக்டரின் டிரக் இழை

1/
மக்களே, இன்னிக்கு சுகர், கொலஸ்ட்ரால், தடுப்பூசி எதுவும் இல்ல. பிரஷர் மட்டும் பின்னாடி கொஞ்சம் வரும், பொறுத்துக்கோங்க.

பிக்கப் டிரக்கோட பின் ஆக்சில் நடுவுல பூசணிக்காய் மாதிரி ஒண்ணு தொங்கும், பாத்திருப்பீங்க. அதுதான் டிஃபரன்ஷியல். அதோட மூடியைக் கழட்டிட்டு, கடையில விக்கிற பெரிய அலுமினிய மூடியைப் போடலாமா வேண்டாமா? இதுதான் விஷயம். நீண்ட இழை. டிரக் இல்லாதவங்களும் படிக்கலாம்.

2/
ஒரு டாக்டருக்கு ஏன் இந்த வேலைன்னு கேட்பீங்க.

நான் மேற்கு டெக்சஸ்ல ஒரு சின்ன ஊர்ல குடும்ப மருத்துவர். விசா நிபந்தனைக்காக மூணு வருஷம்னு வந்தவன், எட்டு வருஷம் ஆச்சு. என்கிட்ட வர்றவங்கள்ல நிறையப் பேர் டிரக்கை வச்சுத்தான் பிழைக்கறாங்க. எண்ணெய் வயலுக்கு அவசரமா வேணுங்கற குழாய், பம்ப், வால்வு எல்லாத்தையும் பிக்கப்புக்குப் பின்னாடி நீள டிரெய்லர் மாட்டி இழுத்துட்டுப் போவாங்க. "ஹாட்ஷாட்"னு பேரு. அவங்களுக்கு மெடிக்கல் கார்டு பரிசோதனை பண்றதும் என் வேலைல ஒண்ணு.

என்கிட்டயும் ஒரு முக்கால் டன் டீசல் பிக்கப் இருக்கு. கோடையில கேம்பரை மாட்டி, வீட்டம்மா, ரெண்டு பசங்களோட நியூ மெக்சிகோ மலைக்குப் போவோம்.

3/
டிரெய்லர் இழுக்கப் போறேன்னு சொன்னாலே இங்க எல்லாரும் குடுக்கற முதல் அட்வைஸ்: "டிஃப் கவரை மாத்திடு."

200 டாலர்ல ஆரம்பிச்சு 500-ஐத் தாண்டியும் கிடைக்குது. கெட்டியான வார்ப்பு அலுமினியம், வெளியில வரிவரியா ஃபின், கூடுதலா ஒண்ணு ரெண்டு குவார்ட் ஆயில் பிடிக்கும், அடியில காந்தம் வச்ச டிரெய்ன் பிளக். பளபளன்னு கம்பீரமா இருக்கும். பின்னாடி வர்ற வண்டிக்காரன் கண்ணுல படும். அது ஒரு பெரிய விற்பனைக் காரணம், யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

4/
முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாத்துடுவோம்.

நான் நாமக்கல்காரன். எங்க ஊர் லாரிப் பட்டறையில இதை டிஃபரன்ஷியல்னு யாரும் சொல்ல மாட்டாங்க. "கிரவுன்"தான். "கிரவுன் சத்தம் போடுது", "கிரவுன் ஆயில் மாத்தணும்"னு கேட்டு வளர்ந்தவன். இன்ஜின்ல இருந்து நீளமா வர்ற ஷாஃப்ட் முனையில ஒரு சின்ன பல்சக்கரம், அது பினியன். அது சுத்தி விடற பெரிய வட்டப் பல்சக்கரம்தான் கிரவுன் வீல். இங்க ரிங் கியர்னு சொல்றாங்க. நீளவாக்குல வர்ற சுழற்சியை 90 டிகிரி திருப்பி ரெண்டு பக்கச் சக்கரத்துக்கும் குடுக்கற இடம் இதுதான். வளைவுல வெளிச்சக்கரம் அதிகமா சுத்தணும், உள்சக்கரம் குறைவா சுத்தணும். அந்தப் பங்கீடும் இங்கதான் நடக்குது.

5/
ஒரு சின்ன வித்தியாசம். நம்ம ஊர் லாரியில பெரும்பாலும் பின்பக்கம் கழட்டற மூடியே கிடையாது. பின்பக்கக் குமிழ் வெல்டிங் பண்ணி இருக்கும். கிரவுனை முன்பக்கமா மொத்தமா வெளியே இழுப்பாங்க. பாஞ்சோ வகை ஹவுசிங்.

அமெரிக்க பிக்கப்ல அப்படி இல்ல. பல்சக்கரம் எல்லாம் ஹவுசிங்குக்குள்ளயே உக்காந்திருக்கும். பின்பக்கம் பத்துப் பன்னிரண்டு போல்ட் போட்ட மூடி. கைக்கு எட்டற இடத்துல, கண்ணுக்குத் தெரியற இடத்துல ஒரு மூடி இருந்தா, அதுக்கு ஒரு சந்தை வந்துதானே ஆகும்?

6/
இப்போ முக்கியமான பாயிண்ட். டிஃபரன்ஷியலுக்குள்ள ஆயில் பம்ப் கிடையாது.

அடியில தேங்கி இருக்கற ஆயில்ல ரிங் கியர் பாதி முங்கி இருக்கும். வண்டி ஓடும்போது அது ஆயிலை வாரி மேல எறியும். எறிஞ்ச ஆயில் மூடியோட உள்வளைவைப் பிடிச்சுட்டு மேலே ஏறி, அப்படியே முன்பக்கம் போய் பினியன் பேரிங் மேல விழணும். அங்கிருந்து கீழ வடிஞ்சு திரும்பத் தேங்கணும். இதுதான் அதோட ரத்த ஓட்டம். ரிங் கியர் இதயம்னா அந்த வளைவு ரத்தக்குழாய்.

தகரத்துல அடிச்ச மலிவு மூடின்னு நாம நினைக்கறது, சத்தமில்லாம இந்த வேலையையும் பாத்துட்டு இருக்கு.

7/
பினியனுக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம்? இது ஹைபாய்டு வகை கியர். பினியன், ரிங் கியரோட மையத்துக்குக் கீழ இறங்கி உக்காந்திருக்கும். அதனால பல்லும் பல்லும் உருளறதோட நிக்காது, வழுக்கி உரசவும் செய்யும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் கந்தகம், பாஸ்பரஸ் சேர்த்த ஜிஎல்-5 கியர் ஆயில். திறந்தா அழுகின முட்டை நாத்தம் வர்றதுக்குக் காரணம் அந்தக் கந்தகம்தான்.

சூடும் கம்மி இல்ல. மேட்டுல ஏறும்போது 150 கிலோவாட் சக்தி இது வழியா போகுதுன்னு வச்சுக்கோங்க. அதுல 3 சதவீதம் உரசல்ல போனாலும் 4.5 கிலோவாட். ரெண்டு இண்டக்‌ஷன் அடுப்பை முழுசா வச்சு அந்தப் பூசணிக்காய்க்குள்ள எரிக்கிற மாதிரி.

8/
சரி, பெரிய மூடி இந்தச் சூட்டைக் குறைக்காதா?

2018-ல கேல் பேங்க்ஸ் இதை யூடியூப்ல தொடரா போட்டாரு. டீசல் இன்ஜின் உலகத்துல பழுத்த மனுஷன். ஆக்சிலைத் தனியா ஓடவிட்டு, உள்ள நடக்கறது தெரியற மாதிரி மூடி போட்டு, ஆயில் எங்க போகுதுன்னு கேமராவுல காட்டினாரு.

வண்டியோட வந்த வளைவான மூடியில ஆயில் வளைவைப் பிடிச்சு ஒழுங்கா முன்னாடி போச்சு. சந்தையில விக்கற, பின்பக்கம் தட்டையா, பெட்டி மாதிரி இருக்கற பெரிய மூடியில? ஆயில் போய்த் தட்டையான சுவத்துல மோதித் தெறிச்சுது. காத்தோட கலந்து நுரைச்சுது. பினியன் பக்கம் போற ஓட்டம் கெட்டுச்சு.

அதிக ஆயில் உள்ள இருக்கு. ஆனா தேவையான இடத்துக்குப் போகல. நுரைச்ச ஆயில்ல பாதி காத்து, காத்து எந்த பேரிங்கையும் காப்பாத்தாது.

9/
இங்க டாக்டர் புத்தி வேலை செய்யும். "சோதனை பண்ணினவருக்கு இதுல என்ன லாபம்?"

லாபம் உண்டு. அந்தத் தொடருக்குப் பிறகு அவரோட கம்பெனியே வளைவான ஒரு மூடியை விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. மருந்துக் கம்பெனி தன் மருந்துக்குத் தானே ட்ரையல் நடத்தற மாதிரிதான்.

அதுக்காக அது பொய் ஆயிடாது. கம்பெனி ட்ரையலை நாங்க எப்படிப் படிப்போமோ அப்படிப் படிக்கணும். எதை அளந்தாங்க, எதோட ஒப்பிட்டாங்க, சொல்ற காரணம் இயற்பியலுக்கு ஒத்துப் போகுதான்னு பாக்கணும். வளைவுல வழுக்கற திரவம், தட்டைச் சுவத்துல தெறிக்கற திரவம். இதை உங்க வீட்டு சிங்க்ல கரண்டியைக் கவுத்தும் நிமுத்தியும் பிடிச்சே பாத்துக்கலாம். "வளைவு முக்கியம்"ங்கறதை நான் ஏத்துக்கறேன். "அதனால எங்க மூடியை வாங்கு"ங்கறது தனி வாக்கியம். அதுக்குத் தனி ஆதாரம் வேணும்.

10/
"என் வண்டியில டெம்பரேச்சர் கேஜ் இருக்கு சார், புது மூடி போட்டதும் 20 டிகிரி குறைஞ்சுது"ன்னு நிறையப் பேர் சொல்வாங்க.

உண்மையாவே குறைஞ்சிருக்கும். கேள்வி, எங்க குறைஞ்சுது? சென்சார் பெரும்பாலும் அந்தப் புது மூடியிலேயே, பின்பக்கம் இருக்கும். சூடு பிறக்கறது பல் உரசற இடத்துல. வேகற பேரிங் முன்பக்கத்துல. அங்கிருந்து சூட்டை அள்ளிட்டு வர வேண்டிய ஆயில் அந்தப் பக்கம் சரியா போகலன்னாலும் மூடியில இருக்கற கேஜ் குளுகுளுன்னுதான் காட்டும்.

11/
மருத்துவத்துல இதுக்கு நாங்க ரத்தம் குடுத்துக் கத்துக்கிட்ட பாடம் ஒண்ணு இருக்கு.

மாரடைப்பு வந்தவங்களுக்கு இடையிடையே கூடுதல் இதயத்துடிப்பு வரும். அது இருக்கறவங்க அதிகமா திடீர்னு இறக்கறாங்கன்னு தெரிஞ்சுது. அந்தத் துடிப்பை அடக்கற மாத்திரைகள் வந்துச்சு. ஈசிஜி அழகாச்சு. டாக்டருக்கும் திருப்தி, நோயாளிக்கும் திருப்தி.

அப்புறம் காஸ்ட்னு ஒரு ட்ரையல். 1991-ல முழு முடிவு வந்துச்சு. என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு குடுத்த 755 பேர்ல 63 பேர் இறந்தாங்க. வெறும் மாவு மாத்திரை குடுத்த 743 பேர்ல 26 பேர். ஈசிஜியை அழகாக்கின மருந்து ஆளைக் கொன்னுச்சு.

அளவு குறைஞ்சுதான்னு பாக்கறது ஒண்ணு. ஆள் பிழைச்சானான்னு பாக்கறது இன்னொண்ணு. கேஜ் குறைஞ்சுதா, பேரிங் பிழைச்சுதா? அதே கேள்விதான்.

12/
"அதிக ஆயில் நல்லதுதானே?"

கூடுதல் ஆயில் சூடாக அதிக நேரம் எடுக்கும். பத்து நிமிஷ மேட்டுக்கு அது உதவும். ஆனா ஒரு மணி நேரம் இழுத்தா? உள்ள பிறக்கற சூடும் வெளியே போற சூடும் சமமாகற இடத்துல போய்த்தான் நிக்கும். ஆயில் அளவு அந்த இடத்தைத் தள்ளிப் போடும், மாத்தாது. பரப்பும் காத்தும்தான் மாத்தும். பெரிய குண்டால தண்ணி மெதுவா கொதிக்கும். கொதிக்காம இருக்காது.

அளவு ஏறினா வேற தொல்லையும் உண்டு. புது மூடியில ஆயில் ஊத்தற ஓட்டை பழசை விட உயரத்துல இருந்து, "வழியற வரைக்கும் ஊத்து"ன்னு ஊத்தினா, ரிங் கியர் அதிகமா முங்கும். கடைஞ்சு கடைஞ்சு சூடும் நுரையும் கூடும். ப்ரீதர் குழாய் வழியா ஆயில் வெளியே துப்பும்.

13/
"இரும்பு மாதிரி கெட்டியா இருக்கே, ஆக்சிலுக்கு பலம் தராதா?"

பாரம் ஏறும்போது பினியனும் ரிங் கியரும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கறது உள்ள இருக்கற பேரிங் கேப்கள். சில மூடிகள்ல உள்பக்கமா நீளற போல்ட் இருக்கும், அது பேரிங் கேப்பை முட்டுக் குடுத்துப் பிடிக்கும். ரேஸ் வண்டிக்கு, சின்ன ஆக்சில்ல பெரிய இன்ஜின் போட்டவங்களுக்கு அதுக்கு அர்த்தம் உண்டு. கம்பெனி சொன்ன இழுவை அளவுக்குள்ள கேம்பர் இழுக்கற எனக்கு அது தேவையில்லாத ஆபரேஷன்.

14/
அப்போ இந்த மூடிகள் எல்லாமே வேஸ்டா? இல்ல. ஒரு மருந்து நல்லதா கெட்டதான்னு கேக்கக்கூடாது, யாருக்குன்னு கேக்கணும்.

பாறை மேல ஜீப் ஏத்தறவருக்கு: தகர மூடி பாறையில இடிச்சு உள்ள நசுங்கினா ரிங் கியர்லயே போய் மோதும். அவருக்கு வார்ப்பிரும்பு மூடி காப்பீடு மாதிரி.

அடிக்கடி ஆயில் மாத்தறவருக்கு: பல வண்டிகள்ல டிரெய்ன் பிளக்கே கிடையாது. மொத்த மூடியையும் கழட்டித்தான் ஆயிலை இறக்கணும், மறுபடி சிலிக்கான் தடவி ஒட்டணும். டிரெய்ன் பிளக் வச்ச மூடி அவருக்கு நேரம், முதுகு ரெண்டையும் மிச்சப்படுத்தும்.

துருப்பிடிச்சு ஓட்டை விழுந்த மூடிக்கு: மாத்தித்தான் ஆகணும். அப்படி மாத்தும்போது உள்வளைவு பழசைப் போலவே இருக்கறதைத் தேர்ந்தெடுத்தா போதும்.

15/
வாரன்ட்டி பத்தி ஒரு வார்த்தை. "வெளி பார்ட் போட்டா வாரன்ட்டி போச்சு"ன்னு டீலர் சொன்னா அது முழு உண்மை இல்ல. 1975-ல வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளி பார்ட் போட்டதையே காரணமா காட்டி மொத்த வாரன்ட்டியையும் மறுக்க முடியாது. ஆனா அந்த பார்ட்டாலதான் பழுதுன்னு காட்டினா மறுக்கலாம். டிஃபரன்ஷியல் மூடியை மாத்தினப்புறம் டிஃபரன்ஷியலே போனா, வாக்குவாதம் எங்க போய் நிக்கும்னு யோசிச்சுக்கோங்க.

16/
இப்போ ஒருத்தர் கதை. அவர் அனுமதியோட, அடையாளம் மாத்தி எழுதறேன்.

அறுபது வயசு. ஹாட்ஷாட் ஓட்டறவர். மெடிக்கல் கார்டு புதுப்பிக்க வந்தாரு. கார்டு அதிகபட்சம் 2 வருஷத்துக்குத் தரலாம். பிரஷர் இருந்தா 1 வருஷம். கட்டுப்பாட்டுல இல்லன்னா 3 மாசம்தான், அதுக்குள்ள சரி பண்ணிட்டு வரணும். கார்டு இல்லன்னா அவர் டிரெய்லரை எடுக்க முடியாது. வீட்டுல வருமானம் அது ஒண்ணுதான்.

பிரஷர் 158/96. பத்து நிமிஷம் உக்கார வச்சு மறுபடி பாத்தேன். பெருசா இறங்கல.

17/
அவரோட கவலை அது இல்ல. போனை எடுத்து நீட்டினாரு.

"டாக், உங்ககிட்டயும் டிரக் இருக்கே. மேட்டுல டிஃப் 220 காட்டுது. இந்த மூடியை வாங்கலாமா?"

220 ஃபாரன்ஹீட்தான். போன்ல பெட்டி மாதிரி ஒரு மூடி, 400 டாலருக்கு மேல.

"கடைசியா ஆயில் எப்போ மாத்தினீங்க?"

"வாங்கினதுல இருந்து மாத்தல. 90,000 மைல் ஆச்சு."

"மூடியை விடுங்க. முதல்ல பழைய ஆயிலை இறக்குங்க. இறக்கினதை ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க."

ஒரு நோயாளிகிட்ட கியர் ஆயில் சாம்பிள் கேட்ட முதல் டாக்டர் நானாத்தான் இருப்பேன்.

18/
அப்புறம் அவர் பக்கம் வந்தோம். பிரஷர் மாத்திரையை நாலு மாசம் முன்னாடியே நிறுத்திட்டாரு. "ஏன்?"னு கேட்டா, "நல்லாத்தானே இருக்கேன்"னாரு. சரின்னு கால் பரிசோதனை பண்ணும்போது மெதுவா உண்மை வந்துச்சு. "அது போட்டா கணுக்கால் வீங்குது டாக். பூட்ஸ் ஏறல. பத்து மணி நேரம் ஓட்டறவன் நான்."

வேற ஊர்ல எழுதிக் குடுத்த அம்லோடிபின். சிலருக்குக் கால் வீங்கறது அதோட தெரிஞ்ச பக்கவிளைவு. மாத்திரையை மறந்துட்டார், அலட்சியம்னு ஃபைல்ல எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆனா அவர் கணக்குல அந்த மாத்திரை அவரோட வேலையைக் கெடுத்துச்சு.

நீர் மாத்திரை குடுத்தா வழியெல்லாம் வண்டியை நிறுத்தணும், வேண்டாம்னுட்டாரு. லோசார்ட்டன் எழுதினேன். ரெண்டு வாரத்துல கிரியேட்டினின், பொட்டாசியம் பாக்கச் சொன்னேன். வீட்டுல ஒரு பிரஷர் மிஷின் வாங்கச் சொன்னேன்.

"ஆக்சிலுக்கு கேஜ் வச்சிருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணு வேணாமா?"

சிரிச்சாரு. 3 மாசக் கார்டோட போனாரு.

19/
அந்த வார இறுதியிலயே ஃபோட்டோ வந்துச்சு. ஆயில் தார் மாதிரி கறுப்பு. காந்தத்துல விபூதியைக் குழைச்ச மாதிரி சாம்பல் நிறப் பசை. உலோகச் சில்லு எதுவும் இல்ல.

அந்தப் பசை சாதாரணத் தேய்மானம். ஊசி மாதிரி, தகடு மாதிரி துண்டு இருந்தாத்தான் பேரிங்கோ பல்லோ போகுதுன்னு அர்த்தம். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருக்கு. கருகின வாசம் வந்தா அதிகமா சூடேறி இருக்கு. சிறுநீர்ப் பரிசோதனை மாதிரிதான், 400 டாலர் செலவு பண்றதுக்கு முன்னாடி நிறம், வாசம், வண்டல் மூணும் நிறையச் சொல்லும்.

20/
மூணு மாசம் கழிச்சு வந்தாரு. 132/80. ஒரு வருஷக் கார்டு எழுதிக் குடுத்தேன்.

மூடி? வாங்கிட்டாரு! ஆனா பெட்டி மாதிரி இருந்தது இல்ல. பழைய மூடியோட வளைவையே உள்பக்கம் வச்சு, கீழ டிரெய்ன் பிளக் இருக்கறதா பாத்து வாங்கினாரு. "இனிமே வருஷத்துக்கு மூணு தடவையாவது ஆயில் மாத்துவேன் டாக். சரளைக்கல்லுல படுத்து ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழட்ட இந்த வயசுல முடியாது." நூத்துக்கு நூறு சரியான காரணம். நானே எழுதிக் குடுத்திருப்பேன்.

21/
நான் என்ன பண்ணினேன்? வண்டியோட வந்த மூடியை அப்படியே விட்டுட்டேன். ஆயிலை மட்டும் கையேடு சொன்ன தரத்துல மாத்தினேன், டிரெய்லர் இழுக்கற வண்டிக்குச் சொன்ன குறைஞ்ச இடைவெளியில.

போன ஜூன்ல ஆலமொகோர்டோவுல இருந்து க்ளௌட்கிராஃப்ட் ஏறினோம். 16 மைல்ல சுமார் 4,300 அடி ஏத்தம். பின் சீட்டுல ரெண்டு பசங்களும் தூங்கிட்டு வந்தாங்க. மேல போய் நிறுத்தி, ஹவுசிங் கிட்டப் போய்ப் பாத்தேன். சூடா இருந்துச்சு. இழுத்துட்டு வந்த ஆக்சில் சூடாத்தான் இருக்கும். சீல்ல கசிவு இல்ல, ஊளைச் சத்தம் இல்ல. எனக்கு அது போதும்.

22/
மாத்தத்தான் போறீங்கன்னா, இதைக் கவனிங்க:

• மூடியைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்க. ரிங் கியரைச் சுத்தி வர்ற மாதிரி வளைஞ்சிருக்கா, தட்டையா இருக்கா? வெளியில இருக்கற ஃபின்னை அப்புறம் பாக்கலாம்.
• ஆயில் ஊத்தற ஓட்டை பழைய மூடியில எந்த உயரத்துல இருந்துச்சோ அதே உயரத்துக்கு ஊத்துங்க.
• லிமிட்டெட் ஸ்லிப் வகையா இருந்தா, கூடுதல் திரவம் சேர்க்கணுமா கூடாதான்னு கையேட்டுல பாருங்க. வண்டிக்கு வண்டி வேறுபடும்.
• ஒட்டற பரப்புல பழைய சிலிக்கான், எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக்கூடாது. சிலிக்கான் காயச் சொன்ன நேரம் காயட்டும், அப்புறம் ஆயில்.
• போல்ட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி முடுக்குங்க. டார்க் ரெஞ்ச் இல்லாம தொடாதீங்க.
• ப்ரீதர் குழாய் அடைச்சிருக்கான்னு பாருங்க. அடைச்சா உள்ள அழுத்தம் ஏறி நல்ல சீல்கூடக் கசியும்.

23/
கடைசியா ஒண்ணு, நாமக்கல் பட்டறையிலயும் இதைச் சொல்வாங்க, டெக்சஸ் பட்டறையிலயும் சொல்றாங்க: ஆயிலை இறக்கறதுக்கு முன்னாடி, ஊத்தற ஓட்டையோட பிளக்கை முதல்ல கழட்டிப் பாருங்க. அது துருப்பிடிச்சு இறுகி இருந்து, நீங்க ஆயிலை இறக்கிட்டீங்கன்னா, வண்டி நின்ன இடத்துலதான் நிக்கும்.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. டிரக் பத்தியும் கேக்கலாம், பிரஷர் பத்தியும் கேக்கலாம்.